உயிருள்ள இதய வால்வுக்கான செல் விதைப்பு முறைகள்: இந்தியத் தேவையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பழுதான இதய வால்வுக்கு மாற்றாக இன்று பெரும்பாலும் பொருத்தப்படுபவை இருவகை. இயந்திர வால்வு நீடித்து உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் தேவை. பதப்படுத்திய விலங்குத் திசு வால்வுக்குப் பொதுவாக நீண்டகால வார்ஃபரின் வேண்டாம். ஆனால் இளவயதினரிடம் அதில் சுண்ணம் விரைந்து படியும். இரண்டும் குழந்தையோடு வளர்வதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அதன் இயக்குநர் எம். எஸ். வலியத்தான் காலத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா இயந்திர வால்வு, விலைச் சுமையைக் குறைத்தது. வார்ஃபரின் தேவையை நீக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர் போன்ற சிற்றூர்களில் வாழும் நோயாளிக்கு, இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை ஆயுள்வரை தொடரும். கருவுற்ற பெண்ணுக்கு அம்மருந்தே கருவைப் பாதிக்கும் அபாயம் உண்டு.

உயிருள்ள வால்வு என்ற கருத்து இக்குறையிலிருந்து பிறந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய வால்விதழ் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. மேற்பரப்பின் எண்டோதீலியச் செல்கள் இரத்தம் உறைவதைத் தடுக்கின்றன. உள்ளிருக்கும் செல்கள் கொலாஜனைப் புதுப்பிக்கின்றன. இவற்றை, செல்களைத் தாங்கும் வால்வு வடிவச் சட்டகத்தில் குடியேற்றுவதே விதைப்பு.

செல் கரைசலைச் சட்டகத்தின்மேல் சொட்டி ஊறவிடும் நிலைவிதைப்பு எளியது. ஆனால் செல்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். சுழற்றியோ திரவத்தைச் செலுத்தியோ விதைக்கும் இயங்குமுறையில் அவை ஆழமாகவும் சீராகவும் பரவும். ஃபைப்ரினோஜனும் திராம்பினும் கலந்த கரைசலோடு செல்களைச் சேர்த்தால், அது உறையும்போது செல்கள் ஃபைப்ரின் வலைக்குள் சிக்கிக்கொள்ளும்; இழப்பு குறையும். விதைத்த பின்னும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் படிப்படியாக உயர்த்தும் உயிரிவினைக்கலனில் பழக்காவிட்டால் செல்கள் இரத்த ஓட்டத்தில் உரிந்துபோகும். சைமன் ஹோயர்ஸ்ட்ரப் குழுவினர் அவ்வாறு 14 நாள் பழக்கிய வால்வுகள் ஆட்டுக்குட்டிகளில் 20 வாரம் இயங்கியதை 2000இல் வெளியிட்டனர்.

மனிதரிடம் கிடைத்த சான்று இரு திசைகளில் இழுக்கிறது. 2002இல் மால்டோவாவில் ஆய்வாளர்கள் இரு சிறுவருக்கு, செல்நீக்கிய மனித நுரையீரல் வால்வில் அவர்களது செல்களையே விதைத்துப் பொருத்தினர். மூன்றரை ஆண்டு கண்காணிப்பில் சிறுவரின் வளர்ச்சியோடு வால்வு வளையமும் விரிவடைந்திருந்தது. ஆனால் அதே ஆய்வாளர்கள் பின்னர் விதைக்காத, செல்நீக்கிய மனித வால்வுகளையே பொருத்தி நல்ல விளைவு கண்டனர். மறுபுறம், விதைக்காத, செல்நீக்கிய பன்றி வால்வுகளை வியன்னாவில் நான்கு சிறுவருக்குப் பொருத்தியதில் மூவர் இறந்ததாக 2003இல் அறிக்கை வெளியானது. அகற்றிய வால்வுகளில் கடும் அழற்சி காணப்பட்டது. விலங்கு எச்சங்கள் முழுதும் நீங்கியிருக்கவில்லை. ஆகவே விதைப்பு மட்டுமே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. சட்டகத்தின் மூலமும் தூய்மையும் அதே அளவுக்கு முக்கியம்.

நோயாளியின் செல்லை எடுத்து வாரக்கணக்கில் வளர்க்கும் முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தயாரிப்பைக் கோருகிறது. தூய்மை அறை, பயிற்சி பெற்றோர், கிருமித்தொற்றுச் சோதனை என ஒவ்வொன்றும் செலவு. மேலும் இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், ஸ்டெம் செல் சார்ந்த தயாரிப்புகளைப் புதிய மருந்தாகவே கருதுகின்றன. எனவே பொது மருத்துவமனைக்கு ஏற்றது, விதைப்பைத் தொழிற்சாலைக்கு மாற்றும் வழி: கொடைச் செல்களை ஃபைப்ரினில் வளர்த்துக் கொலாஜன் திசு உருவானதும் செல்களை நீக்கி இருப்பில் வைக்கலாம். மின்னசோட்டாவில் ராபர்ட் டிராங்குவில்லோ குழுவினர் இவ்வாறு செய்த குழாய்களைத் தைத்து அமைத்த வால்வுகளை, வளரும் ஆட்டுக்குட்டிகளில் 52 வாரம் ஆய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. மேற்கண்ட சான்றுகள் அழுத்தம் குறைந்த நுரையீரல் வால்வைச் சார்ந்தவை. ஆனால் இந்தியாவில் வால்வைப் பழுதாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் தாக்குவது இடப்பக்கத்து மைட்ரல் வால்வை. அங்கு அழுத்தம் பன்மடங்கு. அந்த அழுத்தத்தில் இதழ் சுருங்காமலும் கிழியாமலும் தாங்குவதை நிறுவிய பின்னரே எந்த விதைப்பு முறையையும் இந்நாட்டின் பெரும்பான்மை நோயாளிக்குப் பரிந்துரைக்க முடியும்.