பஹ்ரு ஃபாரிஸ்: ஒரு கடலின் பெயரும் ஒரு வழக்கும்

2010ஆம் ஆண்டு ஈரானில் நடைபெறவிருந்த இஸ்லாமிய ஒருமைப்பாட்டு விளையாட்டுப் போட்டிகள் கைவிடப்பட்டன. பதக்கங்களிலும் பிரசுரங்களிலும் 'பாரசீக வளைகுடா' என்று பொறிப்பதில் ஈரான் உறுதியாக நின்றது. அறபு நாடுகள் அதை ஏற்கவில்லை. ஒருமைப்பாட்டின் பெயரால் கூட வேண்டியவர்கள் ஒரு கடலின் பெயரால் கூடாமற் போனார்கள். இச்செய்தியை வாசித்தபோது எனக்கு வருத்தத்தோடு ஒரு கேள்வியும் எழுந்தது. கடலுக்குப் பெயர் சூட்டியவர்கள் யார், எதைக் கருதிச் சூட்டினார்கள்?

இக்கடலின் பெயர்களுள் மிகப் பழையவை மெசப்பொத்தேமியாவைச் சேர்ந்தவை. அங்கே இது 'கீழைக் கடல்'. மத்தியதரைக் கடல் 'மேலைக் கடல்'. கிரேக்கரும் உரோமரும் இதனைப் பாரசீகக் குடா என்றனர். சுவையான சங்கதி என்னவெனில், 'அறபுக் குடா' என்ற பெயரும் அவர்களிடம் இருந்தது. ஆனால் அது இன்றைய செங்கடலைக் குறித்தது. தொலமியின் புவியியலில் இரண்டு பெயர்களும் தத்தம் இடத்தில் அமைதியாக இருக்கின்றன.

அறபு நூல்களுக்கு வருவோம். ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல், எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' சீனாவுக்கும் இந்தியாவுக்கும் சென்று வந்த வணிகர்களின் செய்திகளைத் தருவது. சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு அதனை இணைத்துச் சொல்வது வழக்கம். லார்வீ, ஹர்கந்த் என்னும் இரு கடல்களுக்கு இடையே 1900 தீவுகள் உள்ளன என்றும், அவற்றை ஒரு பெண் ஆள்கிறாள் என்றும், அத்தீவுகளின் கடைசியில் இருப்பது ஸரந்தீப் என்றும் அது கூறுகிறது. லார்வீ என்பது குஜராத்தின் லாட நாட்டுப் பெயரிலிருந்து வந்தது. ஹர்கந்த் நமது வங்காள விரிகுடா. அதே நூற்றாண்டில் வாழ்ந்த யஃகூபி, சீனாவுக்குப் போகிறவன் ஏழு கடல்களைத் தாண்ட வேண்டும் என்று எழுதி அவற்றை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் ஸலாஹித் என்ற பெயர் நீரிணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'செலாத்' என்பதன் அறபு உருவம். அவ்வரிசையின் முதற் கடல் பஹ்ரு ஃபாரிஸ்.

ஆக, தாம் கடந்த கடல்களுக்கு அறபு மாலுமிகள் தமது பெயரைச் சூட்டவில்லை. எந்தக் கரையை நோக்கிப் போகிறோமோ, எந்தக் கரையை ஒட்டிப் போகிறோமோ அந்தக் கரையின் பெயர் கடலுக்கு வந்தது. கொழும்பிலிருந்து புறப்படும் வீதிக்குக் கண்டி வீதி என்று பெயரிருப்பதால் அந்த வீதி கண்டியாருக்குச் சொந்தமாகிவிடுமா? செங்கடலுக்கு அவர்கள் வைத்த பெயர் பஹ்ருல் குல்ஸும். சுயெஸுக்கு அருகே இருந்த கிளைஸ்மா என்ற சிறு துறைமுகத்தின் கிரேக்கப் பெயர்தான் அறபு நாவில் குல்ஸும் ஆயிற்று.

இதைவிட வலுவான சான்று பஹ்ருர் ரூம். சிரியா, எகிப்து, வட ஆபிரிக்கா, அந்தலூஸ் என்று மத்தியதரைக் கடலின் பெரும்பகுதிக் கரைகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த காலத்திலும் அறபுப் புவியியலாளர்கள் அதனை 'உரோமரின் கடல்' என்றே எழுதினார்கள். எதிரியின் பெயரை ஒரு கடலில் விட்டுவைப்பதால் தமது மானம் போய்விடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

கப்பலின் மேற்றளத்திலும் இதே நிலைதான். கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகச் சொல். வழிகாட்டும் 'முஅல்லிம்' அறபுச் சொல். ஸீராஃபிலிருந்தும் உமானிலிருந்தும் புறப்பட்ட மரக்கலங்களில் இரு மொழியும் ஒன்றாகவே பயணம் செய்தன. முஅல்லிம் நம் கரைக்கு வந்து 'மாலுமி' ஆனார்; ஸுக்கான் 'சுக்கான்' ஆயிற்று. இவற்றைத் தமிழர் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

வழக்கு மிகப் பிந்தியது. 1950களிலும் 60களிலும் எழுந்த அறபுத் தேசியவாதமே 'அறபு வளைகுடா' என்ற பெயரை இக்கடலுக்குப் பரவலாக்கியது. அதற்கு முன் அறபு எழுத்திலும் பாரசீகப் பெயரே பெருவழக்கு. உஸ்மானியர் பஸராக் குடா என்றதும் உண்டு. ஈரானும் பிறகு சும்மா இருக்கவில்லை. 2004இல் நெஷனல் ஜியோகிராஃபிக் நிறுவனம் தன் உலக வரைபடத்தில் அறபுப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்ததற்காக அதன் சஞ்சிகையை ஈரான் தடைசெய்தது. ஏப்ரல் 30ஐப் பாரசீக வளைகுடா தினமாகவும் ஆக்கிக்கொண்டது. 1622இல் ஹுர்முஸிலிருந்து போர்த்துக்கேயர் விரட்டப்பட்டதன் நினைவாகவே அந்த நாள். போர்த்துக்கேயரிடம் நாமும் பட்டவர்கள் என்பதால் அந்த வெற்றியில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் பழைய பெயரைக் கொடியாக்கித் தூக்கிப் பிடிப்பது, பழைய பெயரை அழிப்பதைப் போலவே புதிய பழக்கம்தான்.

இடையில் ஒன்று. நமது பாக்கு நீரிணைக்கும் கமுகுக்கும் தொடர்பில்லை. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ரொபட் போக் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. மதகுருவாக வந்து ஆளுநரானவர். அந்தப் பெயருக்காக இக்கரையிலோ அக்கரையிலோ எவரும் விளையாட்டுப் போட்டியை நிறுத்தவில்லை.

எழுபதுகளின் இறுதியிலிருந்து நம்மவர்களும் அக்கடலோரம் போய் உழைக்கிறார்கள். நம் பத்திரிகைகள் வெறுமனே 'வளைகுடா' என்று எழுதித் தப்பித்துக்கொள்கின்றன. செய்திக்கு அது போதும். ஆனால் பழைய அறபு நூலைத் தமிழாக்குகிறவர் பஹ்ரு ஃபாரிஸைப் பாரசீகக் கடல் என்றுதான் எழுத வேண்டும். அங்கே நம் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

1981இல் அமைந்த வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் முழுப் பெயரையும் நம்மிற் சிலர் 'அறபு வளைகுடா நாடுகளின் சபை' என்று பெயர்க்கிறார்கள். மூலத்தில் 'லி துவலில் கலீஜில் அறபிய்யா' என்றிருக்கிறது. கலீஜ் ஆண்பால், அறபிய்யா பெண்பால். எனவே அந்த அடைமொழி வளைகுடாவைச் சாராது, 'துவல்' என்ற நாடுகளையே சாரும். 'வளைகுடாவின் அறபு நாடுகள்' என்பதே சரி.