ஹெட்மாஸ்டருக்கு யார் வாத்தியார்?

எங்க ஃபீல்டுல ஒரு வழக்கம் உண்டு. யார் நல்லா கோட் எழுதுறாரோ அவரைப் புடிச்சு டீம் லீட் ஆக்கிடுவாங்க. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல மேனேஜர். அதோட அவர் கோட் எழுதுறது நின்னு போகும். லீவு அப்ரூவ் பண்றது, அப்ரைசல் சண்டையைத் தீர்க்கிறது, கிளையன்ட்கிட்ட திட்டு வாங்குறதுன்னு முற்றிலும் வேற ஒரு வேலை ஆரம்பிக்கும். அந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். நல்லா பாடம் நடத்துற வாத்தியார் ஒரு நாள் ஹெட்மாஸ்டர் ஆகிறார். நேத்து வரைக்கும் சாக்பீஸ். இன்னிக்கு சம்பளப் பட்டியல், ஒழுகுற கூரை, சண்டைக்கு வர்ற பெற்றோர், ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காத ரெண்டு ஆசிரியர்கள். இவருக்கு யார் வாத்தியார்?

இந்தக் கேள்வியோட இங்கிலாந்து ரொம்ப காலமா மல்லுக்கட்டியிருக்கு. கொஞ்ச நாளா அந்த வரலாற்றைத் தேடிப் படிச்சிட்டிருக்கேன். கதை எங்கே ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறீங்க? நம்ம எழும்பூர்ல :-)

எழும்பூர் டூ லண்டன்

1789ல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இங்கே திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடுன்னு விட்டுட்டார். பையன் பின்னிட்டான். நம்ம ஊர் சட்டாம்பிள்ளை முறைதான். 1797ல் இதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். அங்கே இதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர் விழுந்தது.

இந்த முறையில் ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். பாடம் நடத்துவதெல்லாம் சட்டாம்பிள்ளைகள். அப்படியானால் வாத்தியார் வேலை? யார் எந்த வகுப்பு, யார் யாரைக் கவனிப்பது, சிலேட்டு எத்தனை பாக்கி... அதாவது நிர்வாகம்! பெல்லின் முறையில் பள்ளிகள் திறந்த நேஷனல் சொசைட்டி 1812ல் லண்டன் பால்ட்வின்ஸ் கார்டன்ஸில் ஒரு மத்தியப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளி நடத்தப் போகிறவர்கள் அங்கே வந்து, ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியைப் பார்த்து, அதில் வேலை செய்து பழகிவிட்டுப் போவார்கள்.

1846ல் அரசாங்கம் இன்னொரு முறையைக் கொண்டு வந்தது. 13 வயசுப் பையனோ பொண்ணோ 5 வருஷம் ஒரு தலைமை ஆசிரியரிடம் தொழில் பழக வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரம் தனியாகச் சொல்லித் தருவதற்கு அந்தத் தலைமை ஆசிரியருக்குக் கூடுதல் பணமும் உண்டு. ஆக, ஆசிரியராகப் போகிறவருக்கு ஒரு குரு கிடைச்சாச்சு. தலைமை ஆசிரியருக்கு? அவர் பாடு அவர்தான்.

1988: சாவியோடு வந்த பில்லு

இந்த நிலைமை ரொம்ப காலம் பெரிய பிரச்சினையாத் தெரியலை. காரணம், பணம் பள்ளியின் கையில் இல்லை. உள்ளாட்சிக் கல்வித் துறைதான் வரவு செலவைப் பார்த்தது.

1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம் இதைத் தலைகீழாப் புரட்டியது. பள்ளியின் பட்ஜெட்டை ஆட்சிக்குழுவும் தலைமை ஆசிரியருமே கையாள வேண்டும். ஆள் எடுப்பது, கரண்ட் பில், ரிப்பேர், எல்லாம். 1992 சட்டத்தின்படி ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பும் வந்து, ஒவ்வொரு பள்ளியின் குறை நிறைகளை ஊரறிய வெளியிட ஆரம்பித்தது. இருபது வருஷம் ஷேக்ஸ்பியர் நடத்தியவர் திடீர்னு ஒரு சின்ன கம்பெனிக்கு முதலாளி மாதிரி ஆயிட்டார்.

அப்புறம்தான் பயிற்சிகள் வரிசையாக வந்தன. 1995ல் புதுத் தலைமை ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பணம். 1997ல் என்.பி.க்யூ.எச் என்ற தகுதிச் சான்றிதழ். 2000த்தில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசியக் கல்லூரி, சுருக்கமா என்.சி.எஸ்.எல். நாட்டிங்காமில் அதற்கு ஜோரான கட்டடம், 2002ல் பிரதமர் டோனி பிளேர் திறந்து வைத்தார். அந்த வளாகம் இருக்கும் இடம் பழைய ராலே சைக்கிள் ஃபேக்டரி! நம்ம தாத்தாமார் துடைச்சுத் துடைச்சு வச்சிருந்த அதே ராலே.

2004லிருந்து முதல் முறை தலைமை ஆசிரியர் ஆகிறவர் அந்தச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். 2009ல் கையில் இருந்தே ஆகணும் என்றாக்கினார்கள். சரி, முடிஞ்சுதா பிரச்சினை? இல்லை. சான்றிதழ் இருக்கிறவர் புதுப் பள்ளிக்குள் நுழைந்த முதல் திங்கட்கிழமை தனியாகத்தானே நிற்கிறார்?

லண்டனில் நடந்தது

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 2000களின் தொடக்கத்தில் லண்டன் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு மோசமான பேர். பிள்ளையை அங்கே சேர்க்கவே பல பெற்றோர் பயந்தார்கள். 2003ல் அரசு 'லண்டன் சேலஞ்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் டிம் பிரைக்ஹவுஸ், அதற்கு முன் பர்மிங்காம் நகரக் கல்வித் துறையை நடத்தியவர்.

அவர்கள் செய்தது ரொம்ப சிம்பிள். தடுமாறுகிற பள்ளியின் தலைமை ஆசிரியருக்குத் துணையாக, நல்லா நடக்கிற இன்னொரு லண்டன் பள்ளியின் தலைமை ஆசிரியரை அனுப்பினார்கள். அவர் ஆய்வாளர் இல்லை, மேலதிகாரியும் இல்லை. அதே வேலையை அதே ஊரில் பார்க்கிற சக தொழிலாளி. தடுமாறும் பள்ளிகளைத் தோற்ற பள்ளின்னு கூப்பிடவே இல்லை. 'வெற்றிக்கான சாவிகள்' என்று பெயர் வைத்தார்கள். கேட்க விளம்பரம் மாதிரி இருக்கலாம். ஆனால் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு வேலையும் செய்தார்கள். ஒரே மாதிரிப் பின்னணிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளைக் 'குடும்பம் குடும்பமா'ப் பிரித்து, புள்ளிவிவரத்தைக் கொடுத்தார்கள். 'எங்க பிள்ளைங்க ஏழைங்க சார், அவ்வளவுதான் வரும்' என்ற சாக்கு செல்லாது. அதே ஏழைப் பிள்ளைகளை வைத்து நாலு தெரு தள்ளி ஒருத்தர் ஜெயித்துக் காட்டுகிறார். போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு விட்டுட்டாங்க.

இதில் ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் உண்டு. நல்ல பள்ளியின் தலைமை ஆசிரியர் வாரத்தில் சில நாள் வெளியே போனால், அவருடைய துணைத் தலைமை ஆசிரியர்தான் அங்கே எல்லாத்தையும் சமாளிக்கணும். நாளைக்கு ஒரு பள்ளியை ஏற்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

2010 ஆஃப்ஸ்டெட் அறிக்கை, லண்டன் உயர்நிலைப் பள்ளிகள் இங்கிலாந்தின் மற்ற பகுதிகளைவிட மேலே இருப்பதாகச் சொன்னது. 2011ல் திட்டம் முடிந்தது. எல்லாப் புகழும் இதற்கே என்று சொல்ல முடியாது. முன்னேற்றம் ஆரம்பப் பள்ளிகளிலேயே முன்கூட்டித் தொடங்கிவிட்டது, புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் படிப்பு ஆர்வமும் பெரிய காரணம் என்று 2014ல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆர்வத்தை வீணாக்காத பள்ளிகளும் வேணும் இல்லையா?

ராலே வளாகத்துக் கல்லூரி என்னாச்சு? 2012ல் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்றார்கள். 2013ல் கல்லூரியை இன்னொரு அமைப்போடு இணைத்தார்கள். 2018ல் அதையும் மூடினார்கள். அப்புறம் 2021ல் புதுத் தலைமை ஆசிரியர்களுக்கு அனுபவசாலியைத் துணைக்கு வைக்கும் ஒரு திட்டம் வந்தது. சுத்திச் சுத்தி பால்ட்வின்ஸ் கார்டன்ஸுக்கே :-)

நம்ம ஊர்?

இந்தியாவிலும் 2012ல் டெல்லியில் தேசியப் பள்ளித் தலைமை மையம் வந்தது. அதுக்கும் சுருக்கப் பெயர் என்.சி.எஸ்.எல்தான்! பாடத்திட்டம், பயிற்சிகள் எல்லாம் உண்டு. நல்ல விஷயம். ஆனால் லண்டன் கதையைப் படிச்ச பிறகு எனக்குத் தோணுவது இது: பயிற்சி வகுப்பில் சர்க்குலரைப் படிக்கக் கத்துக்கலாம், கணக்கு எழுதக் கத்துக்கலாம். பத்தாவது ரிசல்ட் விழுந்த அன்னிக்கு ஆசிரியர்களிடம் என்ன பேசுறதுன்னு, அதே அடியை வாங்கி எழுந்த இன்னொரு ஹெட்மாஸ்டர்தான் சொல்லித் தர முடியும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். பக்கத்து ஊர் ஹெட்மாஸ்டருக்கு வாரத்தில் ஒரு நாளும், பஸ் காசும், கூடவே கொஞ்சம் மரியாதையும் கொடுத்தால் போதும்.

உங்கள்ல ஆசிரியர்கள், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீங்க. உங்க ஊர் ஹெட்மாஸ்டர் அந்த வேலையை யார்கிட்ட கத்துக்கிட்டார்? விசாரிச்சு எழுதுங்களேன்.