வீட்டுக்கு வந்த கல்லூரி

1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். கல்லூரிக்கு அனுப்பப்படாத பெண்களின் வீடுகளுக்குப் பாடங்கள் தபாலில் வரத் தொடங்கின. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எழுந்தது. தொலைநிலைப் படிப்புகளையும் அது நடத்தியது. பெண்களுக்கென்றே மலைமேல் ஒரு பல்கலைக்கழகம். ஆனால் அதே பழனி மலையில், வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் நடைபாதைதான் வழி.

“கரஸ்ல படிக்கிறேன்” என்று சொல்லும் பெண்ணின் குரல் சற்றுத் தாழும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற வசதி, பெண் வீட்டில்தான் இருப்பாள் என்ற ஏற்பாட்டைத் தொடவேயில்லை. ஆனாலும் அதில் ஒரு கதவு இருந்தது: நேர்முக வகுப்பு. வகுப்பு என்று சொல்லி அவள் தனியே பேருந்து ஏறினாள். தன்னைப் போன்றவர்களைச் சந்தித்தாள்.

2020 பொதுமுடக்கத்தில் வகுப்பு கைபேசிக்குள் போனது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது. கைபேசியோ பெரும்பாலும் அப்பாவிடம், அண்ணனிடம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3. சிக்னல் தேடி மேட்டுக்கு மகனை அனுப்பும் வீடு, மகளை அனுப்பத் தயங்கும்.

மலையூர்களுக்குக் கோபுரம் கேட்போம். கூடவே அவளுக்கென்று ஒரு கைபேசி, அடுப்படி கூப்பிடாத இரண்டு மணிநேரம், தோழிகளோடு உட்கார ஒரு வகுப்பறை ஆகியவற்றையும் கேட்போம்.