பாலை அளந்தவர்கள்

பிரசவமான மூன்றாம் மாதம், ஒரு நள்ளிரவில் என் மகள் போன் செய்தாள். தாய்ப்பாலில் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதாம், எங்கோ படித்திருக்கிறாள். "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" இதுதான் அவளுடைய முதல் கேள்வி. அந்தத் துகளை யார் செய்தார்கள், யார் விற்றார்கள் என்று அவள் கேட்கவில்லை. பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் தாமாகவே ஏறி நிற்கவைக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எனக்குத் தெரிந்த அளவில் அதை எழுதிவைக்கிறேன்.

1951-இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர் எட்வின் லாகும் அவரது சகாக்களும் வாஷிங்டன் நகரில் 32 கறுப்பினப் பெண்களின் தாய்ப்பாலைச் சோதித்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். 30 பேரின் பாலில் டிடிடி இருந்தது. அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது 1972-இல். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு அதற்குள் 21 வயது ஆகிவிட்டது.

பாலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? டிடிடி போன்ற நஞ்சுகள் நீரில் கரையாமல் உடலின் கொழுப்பில் தங்குபவை. பாலில் கொழுப்பு இருக்கிறது. தாய் தன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பும் அதில் இறங்குகிறது. ஊசி குத்த வேண்டாம், கத்தி வைக்க வேண்டாம், ஒரு குப்பி பால் போதும். ஒரு ஊரின் காற்றும் நீரும் எப்படி இருக்கின்றன என்று அறிய, அங்கே பாலூட்டும் பெண் ஓர் அளவுகோல் ஆனாள்.

அளவுகோலாக மட்டும் இருக்க மறுத்த பெண்களும் உண்டு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது அக்வெசாஸ்னே, மோகாக் பழங்குடியினரின் நிலம். அதை ஒட்டியே ஜெனரல் மோட்டார்ஸின் அலுமினிய வார்ப்பாலை இருந்தது. ஆலை பயன்படுத்திய பிசிபி என்ற வேதிப்பொருள் ஆற்றில் கலந்து மீனுக்குப் போனது, மீனிலிருந்து மனிதருக்கு வந்தது. 1980-களில் அங்கிருந்த மருத்துவச்சி கேட்சி குக்கிடம் தாய்மார்கள் கேட்டது ஒரே கேள்விதான்: பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? பெண்ணின் உடல்தான் மனிதருக்கு முதல் சுற்றுச்சூழல் என்பது குக்கின் வாதம். அவர் தாய்ப்பால் திட்டத்தைத் தொடங்கினார். மோகாக் பெண்கள் வெறும் மாதிரிகளாக இல்லாமல் கூட்டு ஆய்வாளர்களாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1986 முதல் 1992 வரை 97 மோகாக் தாய்மாரின் பால் சோதிக்கப்பட்டது. பிந்தைய ஆண்டுகளில் பிசிபி குறைந்திருந்தது. காரணம், பெண்கள் ஆற்று மீனைச் சாப்பிடுவதைக் குறைத்திருந்தார்கள். ஆலையை ஒட்டிய ஆற்றுப்படுகையைத் தோண்டி மாசை அகற்றியது 1995-இல்தான். முதலில் தியாகம் செய்தவள் தாய்; நிறுவனம் பின்னால் மெதுவாக வந்தது. மீன் என்பது அந்த மக்களுக்கு வெறும் குழம்பு இல்லை. தொழில், சடங்கு, பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும் கைவேலை எல்லாம் அதில் இருந்தன. இந்த இழப்பை எந்த அட்டவணையிலும் அளக்க முடியாது.

ஸ்வீடனில் கதை கொஞ்சம் வேறு. ஸ்டாக்ஹோமில் 1972 முதல் சேமித்துவைத்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, தீப்பிடிக்காமலிருக்க மெத்தையிலும் மின்சாதனங்களிலும் சேர்த்துவந்த பிபிடிஇ என்ற ரசாயனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. அங்கே விரல் உற்பத்தியாளரை நோக்கி நீண்டது. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இரு வகைகளைத் தடைசெய்தது. பெண்களின் பால் சாட்சி சொன்னதை ஓர் அரசு காதுகொடுத்துக் கேட்ட அபூர்வமான தருணம் அது.

இப்போது நானோ துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டர் வரை உள்ளவை இவை. நாற்றம் பிடிக்காத காலுறையில் வெள்ளி, சன்ஸ்கிரீனில் டைட்டானியம் டைஆக்சைடு. எலிகளுக்கு வெள்ளி நானோ துகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது: துகள் பாலில் இறங்கியது, குட்டிகளின் உடலுக்கும் போனது. 2022-இல் ரோம் நகரத் தாய்மார் 34 பேரின் பாலைச் சோதித்ததில் 26 பேரின் பாலில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. நானோ அளவுத் துகள் அந்தச் சோதனையின் கண்ணுக்கே எட்டாதது. தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரிது, நிறுத்த வேண்டாம் என்றார்கள் ஆய்வாளர்கள். சரியான பேச்சு. கூடவே, கர்ப்பிணிகள் பிளாஸ்டிக்கில் அடைத்த உணவைத் தவிர்க்கச் சொன்னார்கள். மீனுக்குப் பதில் பொட்டலம், அவ்வளவுதான். வாங்குகிறவளுக்கு அறிவுரை உடனே கிடைக்கிறது. விற்பவனுக்கு விதி வர எத்தனை காலம் ஆகும் என்பதை 1951-ஐயும் 1972-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் துண்டு துண்டாக மகளுக்குப் போனில் சொன்னேன். பின்னணியில் குழந்தை சிணுங்கும் சத்தம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்த மோகாக் அம்மாக்கள் பால் கொடுத்தாங்களாம்மா?"

"கொடுத்தாங்கடி. கொடுத்துக்கிட்டேதான் சண்டையும் போட்டாங்க."

"சரி, இவன் அழறான். வைக்கறேன்" என்றாள்.