வணிக வழக்கறிஞர் (துவாரகா, டெல்லி)

கம்பெனிகள் தமக்குள்ளும், பங்குதாரர்களோடும், வங்கிகளோடும், அரசுத் துறைகளோடும் கொள்ளும் தகராறுகளை நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் நடத்துபவர் வணிக வழக்கறிஞர். ஒப்பந்தம் எழுதுவது, கம்பெனிகளை இணைப்பது, பங்கு வெளியீட்டுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது ஆகியவை இதே துறையின் இன்னொரு கிளை. அந்தக் கிளையில் இருப்பவர் கறுப்பு கோட்டு அணியாமலே பணிக்காலத்தை முடித்துவிடலாம். இக்கட்டுரை வழக்காடுபவரைப் பற்றியது.

இத்தொழிலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தையும் பெரிய சட்ட நிறுவனங்களையும் சுற்றியே நடக்கிறது. அதன் அன்றாட முகத்தைக் காண மாவட்ட வணிக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். டெல்லியின் தென்மேற்குப் பகுதியில் உள்ள துவாரகா அதற்கு நல்ல இடம். முதலில் பப்பன்கலான் என்ற பெயரில் டெல்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்ட இந்தத் துணை நகரத்தில், 10ஆம் செக்டாரில் மாவட்ட நீதிமன்ற வளாகமும் 14ஆம் செக்டாரில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டும் 2008இல் தொடங்கியவை. 16-சி செக்டாரில் உள்ள குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்திலும் சட்டப் பள்ளி உண்டு. துவாரகாவில் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் உச்ச நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். மாணவர், மாவட்ட நீதிமன்ற ஜூனியர், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் என்ற மூன்று படிகளும் ஒரே ரயில் பாதையில் அமைந்த ஊர் இது.

எந்த மன்றம், எந்த எல்லை

2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இத்தொழிலின் நடைமுறையையே மாற்றியது. தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளே அதன்கீழ் வந்தன. 2018 திருத்தம் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்தது. அதன்பின் சிறு வியாபாரியின் பாக்கியும் வணிக வழக்கானது. டெல்லியில் 3 லட்சம் முதல் 2 கோடி ரூபாய் வரையிலான வணிக வழக்குகள் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள வணிக நீதிமன்றங்களுக்குப் போகும்; அதற்கு மேற்பட்டவை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் வரும். துவாரகா வளாகம் தென்மேற்கு மாவட்டத்துக்கு உரியது. நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் மனுக்களும் தொகைக்கேற்ப இங்கேயே விசாரிக்கப்படும்.

துவாரகாவை அடுத்து ஹரியானா எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் குருகிராமில் கம்பெனி அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு கம்பெனியின் பதிவு அலுவலகம் துவாரகாவில் இருந்தால், திவால் மனு டெல்லியில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். குருகிராமில் இருந்தால் சண்டிகர் அமர்வுக்குப் போகும். சில கிலோமீட்டர் தூரத்தில் மன்றமும் உயர் நீதிமன்றமும் மாறிவிடுகின்றன. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், "எதிராளியின் பதிவு அலுவலகம் எங்கே?" என்று அனுபவசாலி கேட்பது இதனால்தான்.

அந்தத் தீர்ப்பாயம் உருவான கதையில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2002இல் கம்பெனிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து உயர் நீதிமன்றங்களின் கம்பெனி அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றியபோது, மெட்ராஸ் பார் அசோசியேஷன் சார்பில் ஆர். காந்தி வழக்குத் தொடுத்தார். 2010 மே 11இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தீர்ப்பாயம் அமைக்கலாம், ஆனால் உறுப்பினர் தகுதி, தேர்வு முறை ஆகியவை நீதித்துறையின் சுதந்திரத்தைக் காப்பவையாக இருக்க வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் அதே குறைகள் மறுபடி தலைகாட்டின. சங்கம் மீண்டும் வழக்குத் தொடுத்தது. 2015இல் அப்பிரிவுகள் சிலவற்றை உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. இவற்றுக்குப் பிறகே 2016 ஜூன் 1 அன்று தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. இன்று டெல்லியில் அதன்முன் வாதிடும் ஒவ்வொருவரும் சென்னை வழக்கறிஞர் சங்கத்தின் அந்த விடாப்பிடிக்குக் கடன்பட்டவர்.

ஒரு பாக்கி வழக்கு நடக்கும் விதம்

வேலையின் தன்மையை விளக்கக் கற்பனையான ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி துவாரகாவில் உள்ள விநியோகஸ்தருக்கு 42 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பியிருக்கிறது. பணம் வரவில்லை.

திவால் மனு போட்டு மிரட்டலாம் என்று கட்சிக்காரர் சொல்வார். அது முடியாது, 2020 மார்ச் 24 முதல் அதற்குக் குறைந்தபட்சத் தொகை ஒரு கோடி ரூபாய். தொகை அதற்கு மேல் இருந்தாலும், சரக்கின் தரம் பற்றி ஏற்கெனவே கடிதச் சண்டை நடந்திருந்தால் மனு நிற்காது என்பது 2017இல் மொபிலாக்ஸ் வழக்கில் முடிவான விஷயம். விநியோகஸ்தர் கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கைகொடுக்கும். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். 2015 திருத்தத்துக்குப் பிறகு, காசோலையைத் தன் கணக்கில் போட்டவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஆகவே கோவையிலேயே நடத்தலாம். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி வசதியாக்கல் மன்றத்தையும் அணுகலாம். அங்கே வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. இந்த வழிகளை எடைபோட்டுச் சொல்வதுதான் வழக்கறிஞர் வாங்கும் முதல் கட்டணத்துக்கான வேலை. பலர் இதைச் செய்யாமல் நேரே நோட்டீஸ் அடிக்கிறார்கள். கட்சிக்காரரின் பணமும் காலமும் அங்கேயே வீணாகத் தொடங்குகின்றன.

துவாரகாவில் பண வழக்குப் போடுவது என்று முடிவானால், முதலில் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளில் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவின்படி இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் எதிர்த்தரப்புக்கு அழைப்பு அனுப்பும். மூன்று மாதம் அவகாசம், இருவரும் ஒப்பினால் மேலும் இரண்டு மாதம். இக்காலம் காலவரம்புக் கணக்கில் சேராது. எதிர்த்தரப்பு வரவே இல்லை என்றால் அதற்கான அறிக்கையை வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாம். வந்து உட்கார்ந்து, தவணையில் தருகிறேன் என்று ஒப்பி எழுதிக்கொடுத்தால், அந்த உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு.

வழக்குரை தாக்கலாகும்போது எல்லா ஆவணங்களும் கூடவே போக வேண்டும். "பிறகு தருகிறோம்" என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது. தக்க காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற்றால்தான் விடுபட்டதைச் சேர்க்க முடியும். கட்சிக்காரர் உண்மை உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். கம்பெனிக்காகக் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் இயக்குநர் குழுத் தீர்மானம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அத்தீர்மானம் இல்லாததால் மட்டும் நியாயமான வழக்கு தோற்கக் கூடாது என்று 1996இல் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கிளப்பும். வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர், மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட பாக்கி, கணினியில் உள்ள லெட்ஜர் ஆகியவற்றுக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. ஒரு பகுதியை ஆவணம் தருபவரும் மறு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் இந்தச் சான்றிதழிலும், சரக்கு பெற்றதற்கான கையொப்பமுள்ள டெலிவரி சலானிலும்தான் இருக்கிறது.

பிரதிவாதி 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தர வேண்டும். நீதிமன்றம் காரணம் பதிந்து நீட்டினாலும் 120 நாளுக்கு மேல் கிடையாது. சாதாரண உரிமையியல் வழக்கில் இக்கெடு இவ்வளவு இறுக்கமானதல்ல என்று 2005இல் தீர்ப்பு வாங்கியது சேலம் வழக்கறிஞர் சங்கம். வணிக வழக்கில் அந்தத் தளர்வு இல்லை என்பதை 2019இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கு உறுதிசெய்தது. 121ஆம் நாள் எதிர்வழக்குரையோடு வரும் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் வாயை அடைத்துவிட்டார் என்று பொருள். வாய்தா வாங்கியே காலம் ஓட்டிய தலைமுறைக்கு இச்சட்டம் கசப்பானது. எனினும் இதுவே இச்சட்டத்தின் மிக நல்ல பகுதி.

பிறகு வருவது வழக்கு மேலாண்மை அமர்வு. எழுவினாக்கள் எவை, சாட்சிகள் யார், குறுக்கு விசாரணை எந்தத் தேதியில் என்பதெல்லாம் அங்கே நிர்ணயமாகும். அந்த அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதம் முடிய வேண்டும், வாதம் முடிந்து 90 நாளுக்குள் தீர்ப்பு என்பது சட்டம் வகுத்த கணக்கு. தோற்றவர் வென்றவரின் செலவைத் தர வேண்டும் என்பதே பொது விதி. மேல்முறையீடு 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் வணிக மேல்முறையீட்டு அமர்வுக்கு.

பங்குதாரர் சண்டைகள்

கம்பெனிக்குள்ளேயே மூளும் சண்டை வேறு வகை. சிறுபான்மைப் பங்குதாரர் நசுக்கப்பட்டால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 241ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தை அணுகலாம். பொதுவாகப் பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது கையில் இருக்க வேண்டும். டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து 2016 அக்டோபர் 24 அன்று நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்த்ரியின் குடும்ப நிறுவனங்கள் இந்த வாசலிலேயே தடுக்கப்பட்டன. சாதாரணப் பங்கில் அவர்களுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்தும், முன்னுரிமைப் பங்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பத்து விழுக்காடு எட்டவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் விலக்கு அளித்த பின்பே வழக்கு உள்ளே போனது. 2018இல் மும்பை அமர்வில் தோல்வி, 2019 டிசம்பரில் மேல்முறையீட்டில் வெற்றி, 2021 மார்ச் 26இல் உச்ச நீதிமன்றத்தில் டாடா தரப்புக்குச் சாதகமான இறுதித் தீர்ப்பு. குடும்பக் கம்பெனி நடத்தும் கொங்கு நாட்டு, செட்டிநாட்டு வணிகர்கள் பங்குப் பிரிவினை எழுதும் முன் இத்தீர்ப்பை ஒருமுறை தங்கள் வழக்கறிஞரிடம் கேட்டறிவது நல்லது.

தொழிலில் சேர்தல்

பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டு அல்லது பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு சட்டப் படிப்பு, மாநில பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு என்பது வழி. துவாரகாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனக்கென நுழைவுத் தேர்வு நடத்துகிறது. பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் ரூபாய் வசூலித்துவந்த பார் கவுன்சில்களுக்கு அது தேவையான அடி.

முதல் ஐந்து ஆண்டுகள் கடினமானவை. ஜூனியர் காலையில் வழக்குப் பட்டியல் பார்த்து, கேஸ் கட்டுகளை அடுக்கி, முன்ஷியோடு ஃபைலிங் கவுண்டரில் நின்று, குறைபாடு சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து, மாலையில் சீனியருக்குத் தேதிவாரியான சுருக்கம் எழுதித் தருகிறார். தமிழ்நாட்டில் குமாஸ்தா என்று நாம் சொல்லும் ஆள்தான் டெல்லியின் முன்ஷி. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் தேங்கும் என்பதைப் புதிய வழக்கறிஞர் அவரிடமே கற்கிறார். ஊதியம் பல இடங்களில் வெட்கப்படத் தக்கது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பல சீனியர்கள் இதை இன்னும் கருணையாகவே நினைக்கிறார்கள். அது கூலி.

அதன்பின் பாதைகள் பிரிகின்றன. சிலர் சட்ட நிறுவனத்தில் பங்குதாரர் ஆகிறார்கள். சிலர் கம்பெனியின் சட்டப் பிரிவில் சம்பளத்துக்குச் சேர்கிறார்கள். முழுநேரச் சம்பளப் பணியில் இருக்கும்வரை அவர்கள் நீதிமன்றத்தில் வாதிட முடியாது. உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யும் உரிமை அந்த நீதிமன்றத்திலேயே தனியாகப் பதிவு பெற்ற வழக்கறிஞருக்கே (அட்வகேட்-ஆன்-ரெக்கார்ட்) உண்டு. நான்காண்டு அனுபவமும் அத்தகைய ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சியும் முடித்துத் தேர்வில் தேற வேண்டும். மூத்த வழக்கறிஞர் பட்டம் பெற்றவர் வக்காலத்துப் போடுவதில்லை, வாதம் மட்டும். ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று பேசிக் கட்டணம் வாங்குவதையும், விளம்பரம் செய்வதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே அலுவலகம் திறந்து தொழில் செய்யக் கூடாது என்ற வழக்கைச் சென்னையில் ஏ.கே. பாலாஜி தொடுத்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. வழக்காடல் அல்லாத பணிகளுக்கு மட்டும் பார் கவுன்சில் 2023இல் கதவு திறந்திருக்கிறது.

தீர்ப்பாணைக்குப் பிறகு

தீர்ப்பாணை வந்தும் பணம் வராமல் போவதே இந்தியாவில் வணிக வழக்கின் பெருங்குறை. கோவைக் கம்பெனி 42 லட்சத்துக்குத் தீர்ப்பாணை வாங்கினாலும், விநியோகஸ்தர் அதற்குள் கடையை வேறு பெயருக்கு மாற்றியிருக்கலாம். நிறைவேற்று மனு போட்டு, சொத்து விவர அறிக்கை கேட்டு, வங்கிக் கணக்கை முடக்கி, தேவைப்பட்டால் சொத்தை ஜப்தி செய்ய வேண்டும். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறை அதை எட்டவில்லை. வழக்கு நடக்கும்போதே எதிராளியின் சொத்து விவரங்களைத் திரட்டி வைப்பதும், அவர் சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முன்னரே ஜப்தி ஆணை கேட்பதும் தேர்ந்த வழக்கறிஞரின் அடையாளம். வியாபாரத் தகராறுக்கு வழக்கறிஞரைத் தேடுபவர்கள், எத்தனை வழக்கில் ஜெயித்தீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை தீர்ப்பாணைகளை நிறைவேற்றிப் பணம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.