வண்டி யாருடையது? மாண்ட்கோமரியின் கார்களும் நம் காலனியின் பழைய காரும்

கார் என்றாலே அது வசதி படைத்தவர்கள் சமாச்சாரம், போராடுகிறவர்களுக்கு எதற்கு என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. காலனியில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய மாருதி வாங்கி நிறுத்திவிட்டால், "தோழர் செட்டில் ஆகிவிட்டார்" என்று கிண்டல் வேறு. இந்தக் கிண்டலுக்கான பதில் நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

1901. சதாராவில் வளர்ந்த சிறுவன் பீமராவ், கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்க அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் ரயிலேறுகிறார். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை, கையில் பணம். ஆனால் மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொள்கிறார். அதற்கும் ஒரு நிபந்தனை: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார்.

28 ஆண்டுகள் கழித்து, 1929-இல், அதே பீமராவ் டாக்டர் அம்பேத்கராக, பாரிஸ்டராக, பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராக சாலிஸ்கான் நிலையத்தில் இறங்குகிறார். அங்கே குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்டுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். பாலத்தருகே சக்கரம் கல்லில் மோத, பாபாசாகேப் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. இவ்விரண்டு நிகழ்வுகளையும் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டு முறையும் வாடகைக்குப் பணம் இருந்தது. வண்டியும் கண்ணெதிரே நின்றது. ஆனால் வண்டியும் ஓட்டும் திறமையும் அடுத்தவர் கையில் இருந்தன. போக்குவரத்தில் சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. வண்டி யாருடையது, யார் ஓட்டுவது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் விடுதலை பேச முடியாது.

இதே கேள்வியைக் கடல் கடந்து இன்னொரு மக்களும் சந்தித்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஜிம் குரோ சட்டங்கள் கறுப்பின மக்களை ரயிலில் தனிப்பெட்டியிலும், பேருந்தில் பின் இருக்கையிலும் உட்கார வைத்தன. அந்த நாட்டில் கார் மலிவாகிக்கொண்டு வந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' மாடல் 1908-இல் வந்தபோது அதன் விலை சுமார் 850 டாலர். 1920-களின் நடுவில் அதன் சாதாரண வகை 300 டாலருக்கும் கீழே வந்தது. புதுக் கார் மலியும்போது பழைய கார் இன்னும் மலியும். கூலி வேலை செய்கிறவரும் தவணையில் ஒரு பழைய காரை வாங்கலாம் என்ற நிலை உருவானது. அடுத்தவன் காட்டும் இருக்கையில் உட்காராமல் போய்வரலாம் என்பதுதான் அந்தக் காரின் முதல் பயன்.

ஆனால் கார் வாங்கியதோடு பாகுபாடு முடிந்துவிடவில்லை. வழியில் சாப்பாடு கிடைக்காது, தங்க இடம் கிடைக்காது. அதனால்தான் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன், கறுப்பினப் பயணிகளுக்குப் பாதுகாப்பான விடுதி, உணவகம், பழுது பார்க்கும் கடை ஆகியவற்றின் பட்டியலை 1936 முதல் 'கிரீன் புக்' என்ற பெயரில் வெளியிட்டார். நல்ல கார் ஓட்டிய கறுப்பினத்தவரில் சிலர் டிரைவர் தொப்பி ஒன்றைக் காரிலேயே வைத்திருந்தார்கள். போலீஸ் நிறுத்தினால், "இது என் வெள்ளை முதலாளியின் கார்" என்று சொல்லித் தப்புவதற்கு. நம் ஊரில் புது பைக்கில் போகும் நம் தம்பிகளை நிறுத்தி, "வண்டி யாருதுடா?" என்று கேட்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இனி மாண்ட்கோமரிக்கு வருவோம். அலபாமா மாநிலத்தின் தலைநகர் அது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானார். இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்து நடந்ததைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். டிசம்பர் 5 அன்று தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. அந்த நகரப் பேருந்துகளில் பயணம் செய்தவர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பின மக்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள். இத்தனை பேர் ஓராண்டுக்கு மேல் எப்படி வேலைக்குப் போய் வந்தார்கள்?

முதல் சில நாட்கள் கறுப்பினத்தவரின் டாக்சிகள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றின. உடனே நகர நிர்வாகம் பழைய விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தது. குறைந்தபட்ச டாக்சிக் கட்டணம் 45 சென்ட், அதற்குக் குறைத்தால் குற்றம் என்றது. மார்ட்டின் லூதர் கிங், 1953-இல் பேட்டன் ரூஜ் நகரில் இதேபோன்ற புறக்கணிப்பை நடத்திய பாதிரியார் ஜெமிசனிடம் யோசனை கேட்டார். சொந்தக் கார்களைத் திரட்டுங்கள் என்றார் அவர்.

திரட்டினார்கள். சுமார் 300 கார்கள் வந்தன. பாதிரியாரின் நல்ல காரும் வந்தது, உழைத்துத் தேய்ந்த பழைய காரும் வந்தது. காலையில் ஏற்றிச் செல்ல 48 இடங்கள், மாலையில் திரும்ப ஏற்ற 42 இடங்கள் என்று சில நாட்களிலேயே வகுத்துவிட்டார்கள். நகரின் நடுவே கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடம் வண்டிகள் மாறும் நிலையமாக ஆனது. பிறகு திரட்டிய நிதியில் 15-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன் வேகன்களை வாங்கித் தேவாலயங்களின் பெயரில் பதிவு செய்தார்கள். பக்கவாட்டில் தேவாலயத்தின் பெயர் எழுதப்பட்ட அந்த வண்டிகளை மக்கள் 'உருளும் தேவாலயங்கள்' என்றார்கள்.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், வாங்குவதைவிட ஓட்டுவதுதான் செலவு. பெட்ரோல், டயர், ஆயில், பழுது. இயக்கத்தின் செலவு மாதம் சுமார் 5,000 டாலர் ஆனது. இதற்கான நிதியில் ஒரு பகுதி சமையலறைகளிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல் தொழிலாளி, பெண்களைச் சேர்த்து சாப்பாடும் கேக்கும் செய்து விற்று, வாரக் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால் அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. குண்டு வீசினார்கள். 1956 ஜனவரி 30 அன்று கிங் வீட்டில் குண்டு வெடித்தது. ஆனால் கார்களைத் தாக்க அவர்கள் அதிகம் நம்பியது காகிதத்தை. 25 மைல் வேகப் பகுதியில் 30 மைலில் போனார் என்று கிங்கையே கைது செய்தார்கள். புறக்கணிப்புக்கான துண்டறிக்கையை ஒரே இரவில் அச்சடித்துப் பரப்பிய பேராசிரியர் ஜோ ஆன் ராபின்சனுக்கு 17 போக்குவரத்து அபராதச் சீட்டுகள். அவர் காரின் மேல் அமிலம் ஊற்றினார்கள். ஓட்டையான அந்தக் காரை அவர் தொடர்ந்து ஓட்டினார்.

அடுத்த அடி காப்பீட்டின் மேல் விழுந்தது. கொடுக்கப்பட்ட நெருக்கடியில் நிறுவனங்கள் ஸ்டேஷன் வேகன்களின் காப்பீட்டை அடுத்தடுத்து ரத்து செய்தன. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட முடியாது. ஓர் எஞ்சினைக்கூடத் தொடாமல் எல்லா வண்டியையும் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த கறுப்பினக் காப்பீட்டு முகவர் டி. எம். அலெக்சாண்டர் லண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு எடுத்துக் கொடுத்தார். வண்டிகள் மீண்டும் ஓடின.

கடைசியாக நீதிமன்றம். இந்தக் கார் ஏற்பாடு உரிமம் இல்லாத தொழில், பொதுத் தொல்லை என்று நகர நிர்வாகம் வழக்குப் போட்டது. 1956 நவம்பர் 13 அன்று உள்ளூர் நீதிபதி தடை விதித்தார். அதே நாளில்தான், பேருந்தில் இனப்பாகுபாடு அரசியலமைப்புக்கு விரோதம் என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்த செய்தியும் வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் கிளாடெட் கால்வின், ஆரேலியா பிரவுடர் முதலான பெண்கள். உத்தரவு நகரத்துக்கு வந்து சேரும் வரை, தடையால் கார்கள் நின்றுபோன ஐந்து வாரங்களும் மக்கள் நடந்தார்கள். டிசம்பர் 21 அன்று பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

நம் நாட்டில் பேருந்துப் புறக்கணிப்பு தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1997-இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் உருவானபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் மூண்டது. முடிவில் அரசு, எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. மாண்ட்கோமரியில் சமத்துவத்துக்காகப் பேருந்தைப் புறக்கணித்தார்கள். இங்கே சமத்துவத்தின் பெயரைப் பார்த்துப் புறக்கணித்தார்கள்.

ஆகவே காலனிக்குள் ஒரு பழைய கார் வருவது சின்ன விஷயமல்ல. இரவில் பிரசவ வலி என்றால், வாடகை வண்டிக்காரர் "உள்ளே வரமாட்டேன், ரோட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லும் ஊர்களில் நாம் வேலை செய்கிறோம். அங்கே ஓர் ஓட்டை ஆம்னி செய்யும் வேலையைப் பத்துத் தீர்மானங்கள் செய்வதில்லை. மாருதி 800 காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், இன்றும் சின்ன ஊர் மெக்கானிக்கும் அதைச் சரிசெய்துவிடுவார். பழைய வண்டியின் பலமே அதுதான். வாங்கும்போது மெக்கானிக்கைக் கூட்டிப்போய் புகை, ஆயில், அடித்தள்ளத் துரு, டயர் எல்லாம் பார்க்கிறோம். சரி. ஆனால் மாண்ட்கோமரி சொல்லும் பாடம், காகிதத்தையும் அதே கண்ணால் பார் என்பது.

முதலில் ஆர்.சி. புத்தகம். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவைதானா? பேங்க் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "அண்ணன் தெரிஞ்சவர்தான், அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுவதுதான் நம்மிடையே அதிகம் நடக்கிறது. கை மாறிக் கை மாறிப் போனாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்தாலும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மீட்க அந்தப் பெயர் வேண்டும். உழைத்த காசில் வாங்கிய வண்டிக்காக, பழைய உரிமையாளர் வீட்டு வாசலில் நாம் போய் நிற்கக் கூடாது.

அடுத்தது காப்பீடு. வண்டி கை மாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புதியவருக்கு வந்துவிடும். ஆனால் நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயரை மாற்ற வேண்டும். பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர். 2012 நவம்பர் 7-ஐ மறந்துவிடாதீர்கள். தருமபுரியில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகளோடு வண்டிகளையும் எரித்தார்கள். கலவரத்தில் எரிந்த வண்டிக்கு முழுக் காப்பீட்டில் இழப்பீடு கேட்கலாம். மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது. இரண்டுக்குமான பிரீமிய வித்தியாசத்தை விசாரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

மூன்றாவது, வாடகை. வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் பெர்மிட் இல்லாத தொழில் என்று பிடிப்பார்கள், விபத்தானால் காப்பீட்டு நிறுவனமும் கை விரிக்கும். மாண்ட்கோமரியில் தடை வாங்கப் பயன்பட்ட அதே 'உரிமம் இல்லாத தொழில்' என்ற சொல் இங்கேயும் காத்திருக்கிறது. தொழிலுக்கு என்றால் மஞ்சள் போர்டாகவே வாங்குங்கள். உதவிக்கு என்றால் கட்டணம் வாங்காதீர்கள். ஒரு தனிமனிதர் பெட்ரோல் போட்டுச் சோர்ந்துபோவதற்குப் பதில், மன்றமோ சங்கமோ மாதச் சந்தா வைத்து, வண்டியைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்யலாம். 'உருளும் தேவாலயங்கள்' செய்தது அதைத்தான்.

தோழர்களே, 1929-இல் கடிவாளம் பிடித்த அந்த மனிதரிடம் அன்பு இருந்தது, பயிற்சி இல்லை. இன்று நம் பிள்ளைகளிடம் லைசென்ஸ் இருக்கிறது. சாவியும் நம் கையில் வரட்டும், ஆர்.சி.யும் நம் பெயரில் வரட்டும்.

ஜெய்பீம்!