அமரும் உடலும் நீளும் கையும்



அன்னையின் மடியினின்று இறங்கித் தரையில் அமர்ந்த குழந்தை, எதிரே கிடக்கும் கிலுகிலுப்பையை எட்டி எடுப்பதை நாம் அனைவரும் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். கைதான் வேலை செய்கிறது என்று எண்ணுகிறோம். அது முழு உண்மை அன்று. கை நீளும்போது உடலின் பாரம் முன்னே சரிகிறது. அச்சரிவை இடுப்பும் முதுகும் தாங்காவிடில் குழந்தை குப்புற விழும். மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகள் பலருக்கு இடர் இவ்விடத்திலேதான். கையை நீட்டினால் உடல் சாய்கிறது. சாயாதிருக்கக் கையை ஊன்றினாலோ, பொருளை எடுக்கக் கை இல்லை.

இந்நிலையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். 1810இல் பிறந்த அவருக்கே ஒரு காலில் ஊனம் இருந்தது. 1836இல் ஜெர்மனிக்குச் சென்று ஸ்ட்ரோமேயர் என்பாரிடம் அறுவைச் சிகிச்சை பெற்று நலமுற்றவர் அவர். 1861இல் லண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தில் அவர் படித்த கட்டுரை, கைகால் விறைத்த குழந்தைகளின் நிலைக்குக் கடினமான பிரசவமே காரணம் என்றது. பழைய நூல்களில் சான்று தேடிய அவருக்கு அகப்பட்டவன் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு என்பது சுவையான செய்தி.

லிட்டிலின் கருத்தை ஐயுற்றவர் ஃபிராய்டு. ஆம், பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற அதே வியன்னா மருத்துவர்தாம். கடினப் பிரசவம் சில வேளைகளில் காரணமன்று, கருவிலேயே நேர்ந்த கோளாற்றின் அறிகுறியாகலாம் என்று 1897இல் அவர் எழுதினார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அச்சொல் செவியேறவில்லை. 1986இல் அமெரிக்காவில், பல்லாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் வெளிவந்தபோதுதான், பிரசவ இடர் பெரும்பாலோர்க்குக் காரணமன்று என்பது தெளிவாயிற்று. அதற்குள் எத்தனை தாய்மாரும் மருத்துவச்சிகளும் வீண்பழி சுமந்தனரோ!

கையும் உடலும் இணைந்து இயங்கும் விதம் விளங்கியதும் அண்மைக் காலத்திலேதான். 1967இல் மாஸ்கோ அறிஞர் சிலர், நிற்கும் மனிதன் கையை உயர்த்துகையில், தோள் தசைக்கு முன்னரே கால் தசைகள் முறுக்கேறுவதைக் கருவிகளால் கண்டனர். வரப்போகும் சரிவை உடல் முன்கூட்டியே அறிந்து காப்புச் செய்துகொள்கிறது! 1990களில் ஸ்டாக்ஹோம் அறிஞர்கள், நகரும் பலகைமீது குழந்தைகளை அமர்த்திப் பார்த்தனர். இந்நோயுற்ற சிறுவர்களிடம் தசைகள் இயங்கும் வரிசையே மாறியிருந்தது. பிறரிடம் இடுப்பருகே தொடங்கும் இயக்கம் இவர்களிடம் கழுத்தில் தொடங்கிற்று.

ஆகவே, கை எட்டவில்லையெனில் கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. இடுப்பு நிலைக்கும் இருக்கை, பாதம் பதியும் பலகை, முன்னே ஒரு மேசை ஆகியவை வாய்த்தால், ஊன்றியிருந்த கை விடுதலை பெறும் குழந்தைகள் உண்டு. நம்மூர்த் தச்சரே செய்து தரக்கூடியவைதாம் இவை; ஆனால் அளவை இயன்முறை மருத்துவர் சொல்ல வேண்டும்.

நம்மவர் பலர் வாழும் பம்பாயில், இத்தகைய சிறுவர்க்கெனத் தனிப்பள்ளியும் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்னும் சங்கமும் 1972இல் தோன்றின. நிறுவியவர் மிது ஆலூர். தூண்டியது அவர்தம் மகள் மாலினியின் நிலை. அம்மகள் கல்லூரியில் பயின்று, 2010இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதை அவர் ஒரே விரலால் தட்டெழுதினார். நூலின் பெயரும் அவ்விரலைக் குறிப்பதே.